முழங்காலுக்கு எண்பத்துநாலு வயது

1955ஆம் வருஷம் தை மாதத்தில் புதுச்சேரிச் சாரத்து அஞ்சலாட்சிக்கு ஐம்பத்தொன்பது வயது. அவளுடைய இடது முழங்காலுக்கு மட்டும் எண்பத்துநாலு. இதில் ஒளிவுமறைவு ஒன்றும் கிடையாது. கத்தரிக்காய் என்ன விலை, ஏரியில் தண்ணீர் எவ்வளவு என்று பேசிக்கொள்கிற அதே வாயால்தான் தெருக்காரர்கள் அந்த முழங்காலைப் பற்றியும் பேசினார்கள். நடந்தது இதுதான். போகியன்று விடிந்ததும் கீரைக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பெரிய மார்க்கெட்டுக்குள் நுழைந்தவள், மீன்காரிகள் உட்காரும் பக்கத்துப் படியில் செதில் வழுக்கி, காலை மடக்கிக்கொண்டு விழுந்தாள். கூடை கவிழவில்லை; அதில் அவளுக்கு ரொம்ப நாளைக்குப் பெருமை இருந்தது. ஆனால் முட்டி பூசணிப் பிஞ்சு மாதிரி வீங்கிவிட்டது. பொங்கல் கழிந்து டிஸ்பென்சரிக்குப் போனாள். புடவையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டத் தயாராக அவள் நிற்க, டாக்டர் காகிதத்திலிருந்து தலையை எடுக்காமலே வயசு என்ன என்று கேட்டார். சொன்னாள். "அப்புறம் முட்டி வலிக்காம என்னா பண்ணும்? வயசாயிடுச்சும்மா, அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அந்தச் சொல் விழுந்த மாத்திரத்தில் முட்டிக்குள் சொடக்கு எடுத்ததுபோல ஒரு சத்தம் கேட்டது. இருபத்தைந்து வருஷம் ஒரேயடியாக உள்ளே போய்க் குடியேறிவிட்டது. அஞ்சலாட்சி நொண்டிக்கொண்டே வீடு வந்தாள்.

எண்பத்துநாலு என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. முழங்கால்தான் காட்டிக்கொடுத்தது. சாரத்திலிருந்து டவுனுக்குப் போகிற வழியில் முன்னொரு காலத்தில் ஒரு குட்டை இருந்தது. அஞ்சலாட்சி பிறப்பதற்கு முன்பே அதைத் தூர்த்து மேடாக்கிவிட்டார்கள். அவள் நேராக நடந்து வருவாள். அந்த இடம் வந்ததும் இடது கால் வெளியே போகும். வெறுந்தரையில் ஒரு அரைவட்டம் போட்டு, இல்லாத குட்டையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்ச் சேருவாள். அந்தத் தண்ணீரில் இறங்க முழங்கால் மறுத்தது. சைக்கிளில் போனவர்கள் கிழவி தள்ளாடுகிறாள் என்றார்கள். தள்ளாட்டமாவது ஒன்றாவது! குட்டைக்கு மரியாதை கொடுத்து நடந்த கால் அது. வேலையிலிருந்து ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் இராமதாஸ், குட்டை தூர்ந்த வருஷத்தைப் பழைய வரைபடம் ஒன்றில் தேடிப் பிடித்து, கூட்டிக் கழித்து எண்பத்துநாலு என்றார். அவர் கணக்கில் பிழை வந்ததாக யாரும் சொன்னதில்லை.

மறுவருஷம் இடது காது போனது. போனது என்றால் கேட்காமல் போகவில்லை, வேறெங்கோ போய்விட்டது. மருமகள் சந்திரகலா அடுப்படியிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டாள். காலையில் குழம்பு விஷயமாக நடந்த சண்டையில் அஞ்சலாட்சிக்குக் கோபம் தீராததால் அவள் வேண்டுமென்றே பதில் சொல்லவில்லை. சந்திரகலா சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த தையல்நாயகியிடம், "அத்தைக்குக் காது போயிடுச்சுக்கா, வயசாச்சில்ல" என்று சொல்லிவிட்டாள். சுவர்ப் பக்கம் இருந்தது இடது காது. அதற்கு அந்த நிமிஷமே நூற்றிருபது ஆகிவிட்டது. அதற்குப் பிறகு அந்தக் காதில் விழுந்ததெல்லாம் பழைய ஊரின் சத்தம்: பல்லக்குத் தூக்குகிறவர்களின் மூச்சு, பாய்மரக் கப்பலுக்கு மூட்டை ஏற்றும் படகுக்காரர்களின் கூச்சல், தண்டோரா. ஒருநாள் தென்னை மரத்துக்குப் புதுவரி போட்டிருப்பதாகத் தண்டோரா கேட்டு, பதறிப்போய் மகனிடம் சொன்னாள். மகன் கிருஷ்ணசாமி சர்க்கார் ஆபீசில் பியூன். அவன் நாலு ஆபீசில் விசாரித்துவிட்டு வந்து, அம்மாவுக்குப் புத்தி தடுமாறுகிறது என்று மனைவியிடம் மெதுவாகச் சொன்னான். நல்லவேளை, அதைச் சொன்னபோது அஞ்சலாட்சி வீட்டில் இல்லை. இருந்திருந்தால் புத்திக்கும் நூறு வயது ஆகியிருக்கும்.

முட்டியையும் காதையும் அவள் பொறுத்துக்கொண்டாள். அவளுக்குப் பயம் ஒன்றே ஒன்றுக்குத்தான். அந்தச் சொல் நெஞ்சுக்கு நேராக விழுந்துவிடக் கூடாது. ஏனென்றால் அப்படி விழுந்ததை அவள் ஒருமுறை பார்த்திருக்கிறாள். அவள் புருஷன் பெயர் மண்ணாங்கட்டி. மூத்ததுகள் இரண்டும் தக்காமல் போனதால், இதையாவது எமன் கண்ணெடுத்துப் பார்க்காமல் இருக்கட்டும் என்று அவன் தாய் வைத்த பெயர். அறுபத்திரண்டு வருஷம் அந்தப் பெயர் அவனைக் காப்பாற்றியது. 1954 ஆகஸ்டில், பிரெஞ்சுக்காரன் போகப்போகிறான் என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த சமயத்தில், கிணற்றடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். வைத்தியர் வந்து நாடி பிடித்தார். "அறுபது தாண்டிடுச்சு, இன்னும் நெஞ்சு இரும்பாவா இருக்கும்? வயசாச்சுப்பா, பேசாம படு" என்றார். அறுபத்திரண்டு வயது உடம்புக்குள் நூற்றைம்பது வயது இதயம் எத்தனை நேரம் ஓடும்? மறுநாள் மத்தியானம் சோற்றில் ரசத்தை ஊற்றிப் பிசைந்த கை பிசைந்தபடியே இருக்க, அது நின்றுவிட்டது. வயசாகித்தானே செத்தார் என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். அஞ்சலாட்சிக்கு ஆறவில்லை. முதல் நாள் அவன் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டவள் அவள்தான். உள்ளே பழைய ஏற்றமரம் முனகுவதுபோல் ஒரு முனகல் கேட்டிருந்தது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவள் வீட்டில் யாரும் கெட்டவர்கள் இல்லை. கெட்டவர்களாக இருந்தால் சண்டை போட்டுச் சமாளித்திருப்பாள். சண்டையில் அவளை ஜெயிக்க சாரத்தில் ஆள் கிடையாது. இவர்கள் பாசத்தால் கெடுத்தார்கள். 1956 ஐப்பசியில் கிருஷ்ணசாமி அவள் தலையிலிருந்து கூடையை இறக்கி, பரண்மேல் கவிழ்த்துவிட்டான். "போதும்மா. இந்த வயசுல உனக்கு என்னாத்துக்கு மார்க்கெட்டு? உக்காரு" என்றான். உட்காருவதற்கென்றே ஒரு சாய்வு நாற்காலியும் வாங்கிப் போட்டான். முப்பது வருஷம் தினமும் டவுனுக்குப் போய் வந்த கால்கள் நாற்காலியில் கிடந்து சூம்பின. மறுவருஷம் ஆனி மாதத்தில் சந்திரகலா சாப்பாட்டில் கைவைத்தாள். வயசானவர்களுக்கு மீன் செரிக்காது, கீரை வாயு, ராத்திரிக்குக் கஞ்சியே போதும் என்று யாரோ சொல்லக் கேட்டு, முதலில் ராத்திரிக்குக் கஞ்சியாக்கினாள், பிறகு பகலுக்கும். குருசுக்குப்பத்து நெத்திலி அந்த வீட்டில் வறுபடுவதும், அந்த வாசனையை மூக்கால் சாப்பிட்டுக்கொண்டு அஞ்சலாட்சி கஞ்சி குடிப்பதும் வழக்கமாகிப்போனது. வாழ்நாளெல்லாம் ஊருக்குக் கீரை விற்றவள் வாயில் இரண்டு வருஷமாகக் கீரை படவில்லை. கேட்டால் என்ன என்று தோன்றும். கேட்டால், இந்த வயதில் நாக்கைப் பார் என்று ஒரு சொல் வரும். அது நாக்குக்குப் போய்ச் சேரும். ஆகவே கேட்கவில்லை.

1958இல் மூச்சு வாங்க ஆரம்பித்தது. கொல்லைக்குப் போய்வந்தால் போதும், நெஞ்சு அடித்துக்கொள்ளும். சாயங்காலம் கால் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். நகமெல்லாம் வெளுத்துவிட்டது. அஞ்சலாட்சி யாரிடமும் மூச்சு விடவில்லை. அவள் நிலைமை அப்படி. வைத்தியம் பார்க்க வேண்டுமானால் நெஞ்சைப் பற்றி வாய் திறக்க வேண்டும். வாய் திறந்தால் எதிரில் இருக்கிற வாய் சும்மா இருக்காது. சொன்னால் அந்தச் சொல் கொல்லும், சொல்லாவிட்டால் நோய் கொல்லும். வீங்கின காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டு, மூச்சு வாங்கும்போதெல்லாம் கொட்டாவி விடுவதுபோல் பாசாங்கு செய்துகொண்டு, அவள் ஒரு வருஷத்துக்கு மேல் தள்ளினாள். ஒருநாள் காலையில் முகம் கழுவக் குனிந்தபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. நமக்குத்தான் வயசாகி... என்று அவளே நினைக்க ஆரம்பித்துவிட்டாள். நெஞ்சில் ஒரு துடிப்பு தவறியது. அஞ்சலாட்சி நாக்கைக் கடித்துக்கொண்டு, மிச்ச நினைப்பை முடிக்காமல் அப்படியே விட்டாள். வெளியே இருக்கிற வாய்களை மட்டும் காவல் காத்தால் போதாது என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

கிருஷ்ணசாமிக்கு நெஞ்சு விஷயம் தெரியாது. முட்டியும் காதும் தெரியும். அம்மாவை எப்படியாவது சரிபண்ண வேண்டும் என்று அவனுக்கும் ஆசைதான். அவன் செய்த காரியத்தைப் புதுச்சேரியில் பிறந்தவன் ஒருவனால்தான் செய்ய முடியும். எல்லைக்கு அந்தப் பக்கம் இங்கிலீஷ்காரன் ஊரில் ஒருவனுக்கு வயது என்ன என்றால் அம்மாவைக் கேட்பான், ஜோசியரைக் கேட்பான். புதுச்சேரிக்காரன் மேரியைக் கேட்பான். கடற்கரையில் இருக்கிற நகராட்சி மாளிகைக்கு இங்கே மேரி என்று பெயர். அங்கே எத்தா சிவில் என்று ஒரு பிரிவு. பிறப்பு, கல்யாணம், சாவு மூன்றையும் நாள், மணி, இரண்டு சாட்சியோடு பெரிய புத்தகத்தில் ஏற்றுகிற இடம். அதில் ஏறினால்தான் ஒருவன் பிறந்தான், ஏறினால்தான் செத்தான். அஞ்சலாட்சி அதில் ஏறவில்லை. அவள் தாய்வீடு எல்லையின்மேல் இருந்தது. வாசல் பிரெஞ்சு, கொல்லை இங்கிலீஷ். அவள் பிறந்தது கொல்லைப் பக்கத்து அறையில். ஏறாத பெயரை இப்போது ஏற்றி, வயது நாற்பத்தைந்து என்று எழுதி வாங்கிவிட்டால் அதற்குமேல் எவன் என்ன சொல்ல முடியும் என்பது கிருஷ்ணசாமியின் யோசனை. காகிதத்தில் இருப்பதற்கு உடம்பு கட்டுப்படும் என்று அவன் மனப்பூர்வமாக நம்பினான்.

1959 பங்குனியில் தாயையும் இரண்டு சாட்சிகளையும் கூட்டிக்கொண்டு போனான். எத்தா சிவிலில் இருந்தவர் க்சாவியே. ஊரார் அவரை முசே, அதாவது ஐயா, என்றுதான் கூப்பிடுவார்கள். வெள்ளைக் கால்சட்டை, பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டு, சட்டைப்பையில் இரண்டு பேனா. முப்பத்திரண்டு வருஷமாக ஊரின் பிறப்பையும் சாவையும் எழுதியவர். பிரெஞ்சுக்காரன் போனபிறகும் அவர் கையெழுத்தின் சாய்வு மாறவில்லை. நாற்பத்தைந்து என்று கேட்டதும் கண்ணாடிக்கு மேலாக அஞ்சலாட்சியைப் பார்த்தார்.

"தம்பி, பொய் எழுத இந்தப் பேனாவுக்குப் பழக்கமில்ல. அம்மாவுக்கு என்னாதான் பிரச்சினை?"

கிருஷ்ணசாமி சொன்னான். க்சாவியே ஆச்சரியப்படவில்லை, அந்த மேஜையில் அவர் பார்க்காதது இல்லை. அறுபத்துமூன்று வயதுக்காரிக்கு இப்போது எண்பத்தெட்டு வயது முட்டி, நூற்றிருபத்துமூன்று வயது காது என்று தனித்தாளில் குறித்துக்கொண்டார். ஆனால் அவர் தொழிலில் வயதுக்கு மதிப்பே கிடையாது. வயது நாளுக்கு நாள் மாறுகிற சரக்கு. அதைப் புத்தகத்தில் எழுதி என்ன பிரயோஜனம்? அங்கே கேட்பது ஒன்றே ஒன்றுதான், என்றைக்கு நடந்தது. ஆகவே முப்பத்திரண்டு வருஷப் பழக்கத்தில் அதைத்தான் கேட்டார்.

"முட்டி வலி எந்தத் தேதிலேருந்து? மணி சொல்லணும்."

அஞ்சலாட்சி திடுக்கிட்டுப் போனாள். நாலு வருஷத்தில் இதை யாரும் அவளிடம் கேட்டதில்லை. "போகி அன்னிக்கு, முசே. வெடிஞ்சி ஆறு மணி இருக்கும். மார்க்கெட்டு படியில, செதிலு வழுக்கி உழுந்தேன். ஆனா கூடை கவுறல" என்றாள்.

மூன்று புத்தகத்திலும் சேராத அறிவிப்புகளுக்கென்று க்சாவியே ஒரு நீல அட்டைப் புத்தகம் வைத்திருந்தார். அதில் எழுதினார்: 1955 ஜனவரி பதின்மூன்று, வியாழக்கிழமை, காலை ஆறு மணிக்கு, சாரத்தில் குடியிருக்கும் அஞ்சலாட்சி என்பவளின் இடது முழங்கால் அடிபட்டது; கூடை கவிழவில்லை. சாட்சிகள் கையெழுத்துப் போட்டார்கள். ஈரமையின்மேல் அவர் ஒற்றுத்தாளை வைத்து அழுத்தியபோது முட்டிக்குள் மறுபடி சொடக்குச் சத்தம் கேட்டது. இடையில் ஏறியிருந்த இருபத்தைந்து வருஷமும் இறங்கிப் போய்விட்டன. முட்டிக்கு அறுபத்துமூன்று ஆனது. வலி மட்டும் போகவில்லை. ஆனால் அது இப்போது வயதின் வலியல்ல, விழுந்த வலி. விழுந்த வலிக்கு வைத்தியம் உண்டு. ரெட்டியார்பாளையத்தில் கட்டுப் போடுகிற தணிகாசலம் மூன்று வாரம் எண்ணெய்க் கட்டுப் போட்டு அதைச் சரிசெய்தார். அதற்குப் பிறகு அஞ்சலாட்சி அந்தக் குட்டை இருந்த இடத்தில் நேராக நடந்தாள்.

காதை எழுதட்டுமா என்று க்சாவியே கேட்டபோது அவள் வேண்டாம் என்றுவிட்டாள். வலது காதில் வீட்டுச் சண்டையைக் கேட்டுக்கொண்டு இடது காதில் கப்பல் ஏற்றுமதியைக் கேட்கிற வசதி எத்தனை பேருக்குக் கிடைக்கும்? "வேற ஏதாவது உண்டா?" என்று கேட்டார். அஞ்சலாட்சியின் வாய்வரை வந்தது. பக்கத்தில் மகன் இருந்தான். சாட்சிகள் இரண்டு பேர் வெற்றிலை மென்றுகொண்டு இருந்தார்கள். நாலு வாயில் எந்த வாயிலிருந்து அந்தச் சொல் விழும் என்று யார் கண்டது? ஒன்றுமில்லை முசே என்று எழுந்துவிட்டாள். மேரியின் படியில் இறங்கும்போது இரண்டு இடத்தில் நின்று கடலைப் பார்ப்பதுபோல் மூச்சு வாங்கிக்கொண்டாள்.

அந்தப் பயத்துக்கு அவள் இன்னும் பத்து மாதம் கொடுத்தாள். 1960 தை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கிணற்றடியில் தோண்டியைத் தூக்கப் போனவள் தூக்காமலே சரிந்து விழுந்தாள். கண் விழித்தபோது தலைமாட்டில் சந்திரகலா விசிறிக்கொண்டிருந்தாள். வைத்தியரைக் கூட்டிவருகிறேன் என்று கிருஷ்ணசாமி செருப்பைத் தேடினான். அதே வைத்தியர். மண்ணாங்கட்டியின் நாடியைப் பிடித்த அதே கை, அதே வாய். அஞ்சலாட்சி மகனின் வேட்டி முனையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தாளு வேணாம். வண்டி புடி. மேரிக்குப் போவணும்."

"யம்மா, மயக்கம் போட்டு உழுந்தவங்க ஆஸ்பத்திரிக்குப் போவாங்க. மேரிக்கு எதுக்கும்மா?"

"மொதல்ல மேரி. அப்புறந்தான் ஆஸ்பத்திரி. நான் உசுரோட இருக்கணும்னா வாயெ மூடிக்கிட்டு வா. ரெண்டு பேரும் வாங்க, சாட்சி வேணும்."

குதிரை வண்டியில் படுக்க வைத்துக் கொண்டுபோனார்கள். வழியெல்லாம் அவள் நெஞ்சின்மேல் இரண்டு கையையும் குடைபோல் கவிழ்த்து வைத்திருந்தாள், எந்தப் பக்கத்திலிருந்து எது விழுந்தாலும் கையில் விழட்டும் என்று. சாவு எழுத வந்திருக்கிறார்களோ என்று மேரிக் காவலாளி தொப்பியைக் கழற்றினான். க்சாவியே அவளைப் பார்த்தார்; அவள் வைத்திருந்த கையைப் பார்த்தார். எதுவும் கேட்காமல் நீல அட்டைப் புத்தகத்தை எடுத்து, பேனாவில் மை தொட்டுக்கொண்டு, மகனையும் மருமகளையும் பேசக் கூடாது என்று விரலால் சைகை செய்தார்.

"எந்தத் தேதிலேருந்து?"

அஞ்சலாட்சி சொன்னாள். மூச்சுக்கு நடுவே நடுவே நிறுத்திச் சொன்னாள். இரண்டு வருஷம் மூடி வைத்தது, மூடியைத் திறந்ததும் தேதியோடு வந்தது. 1958 மாசி மகத்துக்கு மறுநாள், கொல்லையில் முருங்கைக் கொம்பை இழுத்தபோது, காலை எட்டு மணி வாக்கில், நெஞ்சு முதல் தடவை அடித்துக்கொண்டது. கால் வீங்கியது சித்திரை முதல் வாரம். சந்திரகலாவுக்கு வாயில் புடவைத் தலைப்பை அடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ரெண்டு வருஷமா எங்ககிட்ட ஏன் சொல்லல என்று கேட்க அவள் துடித்தாள், கேட்கவில்லை. க்சாவியே எழுதி, ஒற்றி, ஒரு பிரதி எடுத்து, நகராட்சி முத்திரை குத்திக் கொடுத்தார். "இதை டாக்டர் படிக்கிற வரைக்கும் அவங்களைப் பேச விடாதீங்க" என்றார்.

ஆஸ்பத்திரியில் அன்றைக்கு இருந்தவர் டாக்டர் சிமோன். முப்பது வயதுகூட ஆகாத பெண். பாரிசில் படித்துவிட்டு வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. வெளுத்த முகமும் வீங்கின காலுமாகத் தூக்கிவரப்பட்டவளைப் பார்த்ததும் அவருக்கு நிஜமாகவே இரக்கம் வந்தது. இரக்கம் வந்த மனுஷர்கள் என்ன சொல்வார்களோ அதைத்தான் சொல்லத் தொடங்கினார். "ஆயா, இந்த வய..." அவ்வளவுதான். எழுந்து உட்காரவே தெம்பில்லாத அஞ்சலாட்சி ஒரே எட்டில் எழுந்து டாக்டரின் வாயைத் தன் உள்ளங்கையால் பொத்திவிட்டாள். நர்சு ஓடிவந்து கையை இழுத்தாள். கை வரவில்லை. முப்பது வருஷம் கீரைக்கட்டு பிடித்த கை அது. இன்னொரு கையால் முத்திரைக் காகிதத்தை டாக்டரின் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள்.

"கோவிச்சுக்காதம்மா. மொதல்ல இதெப் படி. படிச்சிட்டு அப்புறம் என்னா வேணாலும் பேசு."

வாய் பொத்தப்பட்டபடியே டாக்டர் சிமோன் படித்தார். ஒருதடவை, பிறகு இன்னொரு தடவை. அந்தச் சாய்ந்த கையெழுத்தை அவருக்குத் தெரியும். அவர் பிறந்ததை எழுதியதும் அதே கை. அஞ்சலாட்சி கையை எடுத்தபோது, பாதியில் நின்ற சொல்லை டாக்டர் எடுக்கவில்லை. கீழிமையை இறக்கிப் பார்த்தார். உள்ளே ரத்தமே இல்லாமல் வெள்ளையாக இருந்தது. நகத்தைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், ஸ்டெதாஸ்கோப்பை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் முகத்துக்கு நேராக உட்கார்ந்துகொண்டு, "மாசி மகத்துல ஆரம்பிச்சிருக்கு. அதுக்கு முந்தி என்னா மாறுச்சு ஆயா? வேல, தூக்கம், சாப்பாடு, எதுன்னா மாறுச்சா?" என்று கேட்டார்.

அஞ்சலாட்சிக்குத் தெரியும், ஆனால் மருமகளைக் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை. பதில் பின்னாலிருந்து வந்தது.

"கஞ்சி," என்றாள் சந்திரகலா. "ஆனி மாசத்துலேருந்து கஞ்சிதான் குடுக்குறேன் டாக்டரம்மா. மீனும் இல்ல, கீரையும் இல்ல. அவங்களுக்கு ஆவாதுன்னு... நல்லதுன்னு நெனச்சிதான்..." சுவரில் சாய்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். இரண்டு வருஷமாக வறுத்த நெத்திலி ஒவ்வொன்றும் அவள் தொண்டையில் வந்து நின்றிருக்க வேண்டும். கிருஷ்ணசாமி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பரண்மேல் கவிழ்த்த கூடையும் வாங்கிப் போட்ட நாற்காலியும் அவன் நினைவுக்கு வந்திருக்கும்.

டாக்டர் யாரையும் திட்டவில்லை. "இதயம் நல்லாத்தான் இருக்கு. ரத்தந்தான் இல்ல. இல்லாத ரத்தத்த வச்சிக்கிட்டு இவ்ளோ நாள் இந்த உடம்ப ஓட்டியிருக்கு பாருங்க, அதுக்கு நாம கும்புடு போடணும்" என்றார். பிறகு இரும்புச்சத்து மருந்து எழுதினார், ஊசி எழுதினார், ஈரல், மீன், முருங்கைக்கீரை, முட்டை என்று மருந்துச் சீட்டிலேயே சமையலையும் எழுதினார். நடக்க வேண்டும், உட்காரக் கூடாது என்று கடைசி வரியில் எழுதி இரண்டு கோடு போட்டார். இதயம் நல்லாத்தான் இருக்கு என்ற சொல்லைக் கேட்டதும் அஞ்சலாட்சி அழுதாள். புருஷன் செத்தபோதுகூட அவள் அப்படி அழவில்லை. அவன் நெஞ்சுக்கும் இப்படி ஒரு ஆள் காது கொடுத்திருந்தால், என்றைக்கு ஆரம்பித்தது என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால், அவனும் அந்த ரசஞ்சோற்றைச் சாப்பிட்டு முடித்திருப்பான் என்று நினைத்து நினைத்து அழுதாள்.

பங்குனிக்குள் நகம் சிவந்தது. சித்திரையில் அவளே ஏணி வைத்துப் பரண்மேலிருந்த கூடையை இறக்கினாள். கிருஷ்ணசாமி ஏணியைப் பிடித்துக்கொண்டான், வாயைத் திறக்கவில்லை. சாய்வு நாற்காலியைப் பிரித்து சந்திரகலா கோழிக்கூண்டுக்குக் கதவு செய்தாள். மார்க்கெட்டில் அஞ்சலாட்சி தன் கதையைத் தானே சொன்னாள், ஒன்றுக்கு இரண்டாகக் கூட்டியும் சொன்னாள். குருசுக்குப்பத்து மீன்காரிகள், ரெட்டியார்பாளையத்து விவசாயிகள், பென்ஷன் வாங்கும் பிரெஞ்சுப் பட்டாளத்துக் கிழவர்கள் எல்லோரும் இரண்டிரண்டு சாட்சிகளோடு மேரிக்கு வர ஆரம்பித்தார்கள். முதுகுவலி மூன்று, கண்மங்கல் ஏழு, தூக்கமின்மை நாலு என்று நீல அட்டைப் புத்தகம் நிறைந்து இரண்டாவது புத்தகம் போட வேண்டியிருந்தது. எழுதியதெல்லாம் குணமாகிவிடவில்லை, சிலது நோய், சிலது நிஜமாகவே தேய்மானம். ஆனால் எது எது என்று அதற்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த இரண்டு வருஷத்தில் நகராட்சி அலுவலகத்தில் தேதி கேட்பதும், ஆஸ்பத்திரியில் அந்தக் காகிதத்தைக் காட்டுவதும் ரேஷன் கார்டு காட்டுவதுபோலச் சாதாரணமாகிவிட்டது. இதற்கென்று எந்த அரசாணையும் வரவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

1962 ஆகஸ்டில் புதுச்சேரி சட்டப்படியே இந்தியாவோடு சேர்ந்தது. பிரெஞ்சுக் குடிமகனாக இருப்பதா, இந்தியக் குடிமகனாக ஆவதா என்று ஊரில் பாதிப்பேர் குழம்பிக்கொண்டிருந்த அந்த வாரத்தில் ஒரு காலை, அஞ்சலாட்சி கீரைக்கூடையோடு டாக்டர் சிமோனின் வரிசையில் வந்து உட்கார்ந்தாள். முறை வந்ததும் கூடையை வாசலில் இறக்கிவிட்டு உள்ளே போனாள். டாக்டர் சீட்டை எடுத்து, பழக்கத்தில், எப்போலேருந்து என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்லம்மா. சும்மாதான் வந்தேன். நல்லா இருக்கறப்பவும் ஒருதடவ கேட்டுப் பாரேன், எப்பிடி இருக்குதுன்னு."

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை அவள் நெஞ்சில் வைத்தார். நிதானமாக, தன் வேலை தெரிந்த சத்தம். அறுபத்தாறு வருஷமாக ஒருநாள்கூட விடுப்பு எடுக்காமல் அடித்து அடித்துக் கைதேர்ந்துபோன சத்தம். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"போதும், எடும்மா. மார்க்கெட்டு கூடிடும்," என்று அஞ்சலாட்சி எழுந்து, வாசலில் இருந்த கூடையை யார் கையும் படாமல் தானே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போனாள்.